லேப்டாப்புக்கு எஸ்.எஸ்.டி.யா, ஹார்ட் டிஸ்க்கா? வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

என் அத்தையின் லேப்டாப்புக்கு எட்டு வயது. பட்டனை அழுத்திவிட்டு உலை வைக்கப் போவார். அரிசி கழுவிப் போட்டுவிட்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். “புதுசு வாங்கிடலாமாடா?” என்றார். வேண்டாம், டிஸ்க்கை மட்டும் மாற்றலாம் என்றேன்.

படி 1: உள்ளே இருப்பது எது?

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபாமன்ஸ் பகுதியில் டிஸ்க் 0-வைப் பாருங்கள். ஹெச்.டி.டி.யா (அதாவது ஹார்ட் டிஸ்க்), எஸ்.எஸ்.டி.யா (சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) என்பது அங்கேயே இருக்கும். அத்தையுடையது ஹெச்.டி.டி. எதையும் திறக்காதபோதே டிஸ்க் 100% என்று காட்டியது, சி.பி.யு. பாவம், வேலையில்லாமல் காத்துக்கொண்டிருந்தது.

காரணம் எளிது. லேப்டாப் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும். அதன்மேல் ஒரு ஹெட் அங்குமிங்கும் நகர்ந்து தேடிப் படிக்கும். ஒரு தேடலுக்குப் பத்துப் பதினைந்து மில்லி செகண்ட். விண்டோஸ் எழும்போது ஆயிரக்கணக்கில் சின்னக் கோப்புகளைக் கேட்கும்; தேடலிலேயே நேரம் கரைந்துவிடும். எஸ்.எஸ்.டி.யில் அசையும் பாகமே கிடையாது.

படி 2: எது பொருந்தும்?

பலரும் சறுக்குவது இங்கேதான், நானும்தான். பழைய லேப்டாப் என்றால் 2.5 அங்குல சாட்டா (ஹார்ட் டிஸ்க்கும் பயன்படுத்தும் இணைப்பு முறை) எஸ்.எஸ்.டி.; அது ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்திலேயே உட்காரும். எம்.2 என்பது விரல் நீளப் பலகை வடிவ எஸ்.எஸ்.டி. 2280 என்றால் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம். அதிலும் சாட்டா, என்.வி.எம்.இ. (இன்னும் வேகமான இணைப்பு முறை) என்று இரண்டு உண்டு. பின்கள் இருக்கும் ஓரத்தில் ஒரே வெட்டு இருந்தால் பெரும்பாலும் என்.வி.எம்.இ., இரண்டு வெட்டு என்றால் பெரும்பாலும் சாட்டா.

முன்பு ஒருமுறை என் லேப்டாப்புக்கு என்.வி.எம்.இ. வாங்கினேன். அளவெடுத்ததுபோல் செருகிற்று, திருகும் போட்டாயிற்று. பயாஸில் (விண்டோஸ் எழும் முன் திறக்கும் அமைப்புத் திரை) மட்டும் பெயரே வரவில்லை. அந்த ஸ்லாட் சாட்டாவுக்கு மட்டுமாம்! உங்கள் மாடலின் கையேட்டைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

வேகம்? ஹார்ட் டிஸ்க் நொடிக்குச் சுமார் 100 எம்.பி., சாட்டா எஸ்.எஸ்.டி. 550 வரை, என்.வி.எம்.இ. 3,500-ஐயும் தாண்டும். ஆனால் பிரவுசர், வேர்டு வேலைக்குப் பின்னிரண்டுக்கும் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது.

படி 3: எவ்வளவு ஜி.பி.?

500 வாங்கினால் விண்டோஸ் 465 என்றுதான் காட்டும். கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம், கணக்கிடும் முறை வேறு. என் தேர்வு 500. கையைக் கடித்தால் 256. ஒரு டி.பி. (1,000 ஜி.பி.) ஹார்ட் டிஸ்க்கைவிட அதுவே மேல்.

“எஸ்.எஸ்.டி. சீக்கிரம் தேய்ந்துவிடுமாமே?” 500 ஜி.பி. டிஸ்க்குகள் பலவற்றுக்கு 300 டி.பி. எழுதும் வரை உத்தரவாதம் உண்டு. தினம் 30 ஜி.பி. எழுதினாலும் 27 வருடம் ஆகும்.

படி 4: மாற்றுவது

முதலில் படங்கள், ஆவணங்களை வேறிடத்தில் நகலெடுங்கள். பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) இருந்தால் ரெக்கவரி கீயைக் காகிதத்தில் எழுதிவையுங்கள். அப்புறம் குளோன் செய்யலாம், அதாவது பழைய டிஸ்க்கை அப்படியே புதியதில் நகலெடுக்கலாம். எனக்குப் பிடித்தது விண்டோஸைப் புதிதாகப் போடுவது. திறந்ததும் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு டிஸ்க்கைத் தொடுங்கள்.

கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை எறியாதீர்கள். யு.எஸ்.பி. கேஸில் போட்டால் கல்யாண வீடியோக்களுக்கு ஆகும். வருடக்கணக்கில் பீரோவில் மின்சாரமின்றி வைக்க எஸ்.எஸ்.டி. ஏற்றதல்ல, அதில் சேமித்த மின்னூட்டம் மெல்லக் கசியும். ஹார்ட் டிஸ்க்குக்கு அந்தக் குறை இல்லை. ஓடும்போது கீழே போடாமல் இருந்தால் சரி. அதை ஃபார்மட் செய்யவும் அவசரப்படாதீர்கள். ஒரு மாதம் கழித்துத்தான் அத்தை, “அந்த எல்.ஐ.சி. பேப்பர் ஸ்கேன் பண்ணினது எங்கடா?” என்று கேட்டார்.