மதகுப் பாலமும் ஓர் எண்ணமும்

மேட்டூர் அணை திறந்து, திருவையாற்றுக்குப் பக்கத்தில் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்த வாரம் அது. மகனைப் பள்ளிக்கு அழைத்துப்போகையில், மதகுப் பாலத்தில் ‘இவனைத் தள்ளிவிடுவேனோ’ என்று ஓர் எண்ணம் வந்தது. வெலவெலத்துப் போனேன்.

விரட்டினேன், கூடியது. ஊரைச் சுற்றிக்கொண்டு போனேன். ‘முருகா’ என்று 11 முறை சொன்னேன். எண்ணிக்கை தவறினால் மறுபடி முதலிலிருந்து. இரண்டு மாதம் இப்படியே போயிற்று.

தஞ்சாவூரில் பார்த்த உளவியலாளர் கேட்டார்: “எண்ணம் இருக்கட்டும். அது வந்தால் என்ன ஆகும் என்று நம்புகிறீர்கள்?” நினைத்தாலே நடந்துவிடும், நினைப்பதும் செய்வதும் ஒன்று என்று நம்பியிருந்தேன். மனநோய் இல்லாதவர்களுக்கும் இத்தகைய எண்ணங்கள் வருவதை உளவியல் ஆய்வாளர்கள் ராக்மனும் டி சில்வாவும் 1978-லேயே காட்டியிருக்கிறார்கள் என்றார்.

ஒரு வாரம் தினமும் காலையில் ‘பம்புசெட் மோட்டார் எரிந்துபோகட்டும்’ என்று மனதார நினைக்கச் சொன்னார். எட்டாம் நாளும் அது தண்ணீர் இறைத்தது. அடுத்து, முருகனை அழைக்காமல், எண்ணத்தை அதன் போக்கில் விட்டு, மகன் கையைப் பிடித்துப் பாலத்தைக் கடந்தேன்.

அப்போதும் முழுதாக விடவில்லை. காரணம் பலரும் கவனிக்காத ஒன்று. “நான் அப்படிச் செய்வேனா?” என்று இரவில் மனைவியிடம் கேட்டு வந்தேன். அவள் “மாட்டீர்கள்” என்பாள். அந்தக் கேள்வியும் ‘முருகா’ என்று 11 முறை சொன்னது போன்ற சடங்குதான். “இதற்கு இனிப் பதில் சொல்ல மாட்டேன், படுங்கள்” என்று அவள் சொல்லத் தொடங்கிய பிறகே பிடி தளர்ந்தது.

இப்போதும் சில காலைகளில் அந்த எண்ணம் வருகிறது. மதகில் சிக்கிய ஆகாயத்தாமரையை மகன் காட்டுகிறான். நின்று பார்த்துவிட்டுப் போகிறோம்.