பழைய பெஞ்ச் பவர் சப்ளை: முள் ஏறினால் போதும் என்று நினைப்பதில் தொடங்கும் தவறுகள்

சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடையிலிருந்தோ, கல்லூரி ஆய்வகம் கழித்துப்போட்ட சாமான்களிலிருந்தோ ஒரு பழைய 30 வோல்ட், 2 ஆம்பியர் பவர் சப்ளை கைக்கு வந்தால் பலரும் முதலில் செய்வது இதுதான்: பிளக்கைச் சொருகி, குமிழைத் திருப்பி, முன்பக்க மீட்டரில் முள் ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். ஏறிவிட்டால் 'நல்லா இருக்கு' என்று முடிவு கட்டிவிடுவார்கள். பெட்டியைத் தொட்டால் ஷாக் அடிக்குமா, உள்ளே எதுவும் புகையுமா, நாளை அதில் மாட்டும் போர்டு பிழைக்குமா என்பதற்கெல்லாம் அந்த முள்ளிடம் பதில் கிடையாது. பிளக்கைச் சொருகுவது கடைசியில் வர வேண்டிய வேலை.

இங்கே சொல்வதெல்லாம் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வைத்த லீனியர் வகைக்கு. எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்ச் மோட்) வகையில் மெயின்ஸை நேரடியாக டிசி ஆக்கிய 325 வோல்ட் உள்ளேயே நிற்கும். அனுபவம் இல்லாதவர்கள் அதைத் திறக்கவே வேண்டாம்.

திறந்து பார்க்காமல் சொருகுவது

பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு மூடியைத் திறங்கள். கையை உள்ளே விடுமுன் பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டரில் எவ்வளவு வோல்ட் இருக்கிறது என்று அளந்துவிடுங்கள். 10,000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரில் 45 வோல்ட் மிச்சம் இருந்தால் அது 10 ஜூல். ஸ்க்ரூடிரைவரை வைத்து ஷார்ட் செய்தால் முனை உருகும், தீப்பொறி கண்ணில் தெறிக்கும், கெப்பாசிட்டருக்கும் கேடு. 100 ஓம், 5 வாட் ரெசிஸ்டரின் இரு காலிலும் இன்சுலேஷன் உள்ள வயரைப் பற்றவைத்து 10 விநாடி குறுக்கே பிடியுங்கள். 2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டதா என்று மறுபடி அளந்த பிறகே கை வைக்கலாம்.

முதலில் பியூஸைப் பாருங்கள். 30 வோல்ட், 2 ஆம்பியர் கொடுக்கும் பெட்டி 230 வோல்ட்டில் அரை ஆம்பியருக்குச் சற்று மேலே இழுக்கும். அதற்கு 1 ஆம்பியர் ஸ்லோ-ப்ளோ பியூஸ் சரியாக இருக்கும். உள்ளே 5 ஆம்பியர் பியூஸோ, செம்புக் கம்பி சுற்றியதோ இருந்தால், முன்னால் வைத்திருந்தவர் ஏதோ ஒரு பழுதை அப்படி மறைத்திருக்கிறார் என்று அர்த்தம். பியூஸை மட்டும் மாற்றிவிட்டு நகராதீர்கள். இறக்குமதிப் பெட்டி என்றால் பின்பக்க வோல்டேஜ் செலக்டரையும் பார்க்க வேண்டும். 115-ல் நிற்கும் பெட்டியை 230-ல் சொருகினால் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். செலக்டரை 230-க்கு மாற்றினால் பியூஸின் அளவையும் பாதியாகக் குறைக்க வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

பிறகு மெயின்ஸ் உள்ளே நுழையும் இடம். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே மஞ்சள் நிறத்தில், உள்ளே சுருள் தெரிகிற மாதிரி கண்ணாடித் தன்மையுள்ள ஒரு செவ்வகக் கெப்பாசிட்டர் இருக்கிறதா? மேலே ரிஃபா என்ற பெயர் இருக்கலாம். டார்ச் அடித்துச் சாய்த்துப் பாருங்கள். மேல்பூச்சில் மயிரிழை போல வெடிப்புகள் ஓடும். அந்த வழியாக ஈரம் உள்ளே இறங்கி, உலோகம் பூசிய காகிதத்தை ஊறவைத்துவிடும். சொருகிய சில நிமிடங்களில் 'டப்' என்று வெடித்து அறை முழுக்கக் காரமான புகை கிளம்பும். வெடிப்பு இருந்தால் அதே மதிப்பில் எக்ஸ்2 என்று அச்சிட்ட கெப்பாசிட்டர் போடுங்கள். 400 வோல்ட் டிசி என்று எழுதிய சாதாரணக் கெப்பாசிட்டரை இந்த இடத்தில் போடக் கூடாது. பழுதானால் தீப்பிடிக்காத கட்டமைப்பு அதற்குக் கிடையாது.

சுவிட்சும் பியூஸும் பேஸ் வயரில்தான் இருக்கின்றனவா என்று மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் (இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலையில்) வைத்துப் பாருங்கள். பிளக்கை யாராவது மாற்றும்போது சிவப்பையும் கறுப்பையும் இடம் மாற்றியிருந்தால், சுவிட்சை அணைத்த பிறகும் டிரான்ஸ்ஃபார்மரில் 230 வோல்ட் நிற்கும்.

எர்த் பின்னை வெட்டிவிடுவது

'அவுட்புட் எர்த்தோடு ஒட்டக் கூடாது' என்று சொல்லிப் பிளக்கின் பெரிய பின்னைப் பிடுங்கி எறிந்த பெட்டிகள் நிறைய உண்டு. இது பொருளற்ற வேலை. இந்தப் பெட்டிகளில் பிளஸ், மைனஸ் இரண்டுமே எர்த்தோடு சேராமல் மிதக்கும்படிதான் கட்டியிருப்பார்கள். மூன்றாவதாக இருக்கும் பச்சை முனை மட்டுமே எர்த். அதையும் மைனஸையும் ஒரு தகடு இணைத்திருந்தால் தகட்டைக் கழற்றினால் போதும்.

எர்த் பின்னுக்கும் பெட்டியில் பெயின்ட் இல்லாத ஒரு ஸ்க்ரூவுக்கும் இடையே 0.5 ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். மீட்டரின் இரு முனைகளையும் முதலில் சேர்த்துத் தொட்டு, அது காட்டுவதைக் கழித்துக்கொள்ளுங்கள். அளக்கும்போதே வயரைப் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் அசைத்துப் பாருங்கள். ரப்பர் இறுகிப் பொருக்கு விட்ட வயரில் எண் தாவும்.

அடுத்தது இன்சுலேஷன். சாதாரண மல்டிமீட்டர் ஓம் அளக்கும்போது கொடுப்பது ஓரிரு வோல்ட்தான். அதில் 'ஓபன்' என்று காட்டிய சுற்று 230 வோல்ட்டில் கசியலாம். 500 வோல்ட் கொடுத்து இன்சுலேஷனை அளக்கும் மெக்கர் என்ற மீட்டர் வேண்டும். கைவசம் இல்லையென்றால் மோட்டார் வைண்டிங் கடையில் இருக்கும். பேஸ், நியூட்ரல் பின்களை ஒன்றாகச் சேர்த்து, எர்த் பின்னுக்கு எதிராக அளக்க வேண்டும். இதில் அடிக்கடி நடக்கும் பிழை, பெட்டியின் சுவிட்சை ஆஃப் நிலையிலேயே வைத்து அளப்பது. அப்போது அளவு சுவிட்சோடு நின்றுவிடும், டிரான்ஸ்ஃபார்மரைத் தொடவே தொடாது. சுவிட்சை ஆன் நிலையில் வையுங்கள். அதன் பிறகு பிளஸையும் மைனஸையும் ஒரு வயரால் சேர்த்துக்கொண்டு, மெயின்ஸ் பின்களுக்கும் அவற்றுக்கும் இடையே அளங்கள். இந்த இன்சுலேஷன்தான் உங்கள் கைக்கும் 230 வோல்ட்டுக்கும் நடுவே நிற்பது. நல்ல பெட்டி பத்துக்கணக்கான மெகா ஓம் காட்டும். 1 மெகா ஓமுக்குக் கீழே என்றால் சொருகவே கூடாது.

சுவரிலுள்ள சாக்கெட்டிலும் எர்த் உயிரோடு இருக்க வேண்டும். பேஸ்–எர்த் 230-க்குப் பக்கத்திலும், நியூட்ரல்–எர்த் ஓரிரு வோல்ட்டும் காட்டினால் சரி.

முதல் தடவையே நேரடி மெயின்ஸ்

பேஸ் வயரில் ஒரு 60 அல்லது 100 வாட் குண்டு பல்பைத் தொடராகப் போட்டு, அதன் வழியாகப் பெட்டிக்குக் கரன்ட் கொடுங்கள். அவுட்புட்டில் எந்த லோடும் வேண்டாம். பல்பு ஒரு கணம் மின்னி மங்கினால் நல்லது. பிரகாசமாகவே நின்றால் பிரிட்ஜோ (ஏசியை டிசி ஆக்கும் டயோடுகள்), ஃபில்டர் கெப்பாசிட்டரோ, டிரான்ஸ்ஃபார்மரோ ஷார்ட். எல்இடி பல்பு இதற்கு உதவாது. குண்டு பல்பின் இழை சூடேறும்போது ரெசிஸ்டன்ஸ் 40 ஓம் அளவிலிருந்து 500 ஓமுக்கு மேல் ஏறுவதால்தான் இந்த வித்தை பலிக்கிறது. வேரியாக் (மெயின்ஸ் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) வைத்திருப்பவர்கள் அதை ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் என்று நம்பிவிடக் கூடாது. உள்ளே இருப்பது ஒரே சுருள், மெயின்ஸ் அப்படியே வந்து நிற்கும்.

5 வோல்ட் காட்டியதும் போர்டை மாட்டுவது

மனிதருக்கு ஆபத்தில்லை என்று உறுதியான பிறகும், பெட்டி உங்கள் போர்டைக் கொல்லலாம். அதிகப் பொருள் சேதம் நடப்பது இந்த இடத்தில்தான்.

குமிழை எங்கே வைத்தாலும் அவுட்புட் 40 வோல்ட்டுக்கு மேல் நின்றால், அவுட்புட் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் 2என்3055 போன்ற பாஸ் டிரான்சிஸ்டர் கலெக்டர்–எமிட்டர் ஷார்ட் ஆகியிருக்கலாம். அதற்கு முன் பின்பக்க முனை ஸ்ட்ரிப்பைப் பாருங்கள்: அவுட்புட் வோல்டேஜை அளந்து கட்டுப்பாட்டுச் சுற்றுக்குச் சொல்லும் சென்ஸ் முனைகளை அவுட்புட்டோடு இணைக்கும் சின்னத் தகடுகள் தொலைந்திருந்தாலும் வோல்டேஜ் ஏறும், அல்லது ஆடும். டிரான்சிஸ்டர் மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியது இந்த இரண்டு தகடுகளைத்தான்.

வோல்டேஜ் குமிழை மிக மெதுவாக முழுக்கத் திருப்பி, வெளியே மாட்டிய மீட்டரில் தாவல் இருக்கிறதா என்று கவனியுங்கள். பல பெட்டிகளில் பொட்டென்ஷியோமீட்டரின் நகரும் முனை தூசியால் ஒரு கணம் தொடர்பு விட்டால், ரெசிஸ்டன்ஸ் அதிகமானதாக எடுத்துக்கொண்டு வோல்டேஜ் உச்சிக்குப் போகும். கான்டாக்ட் கிளீனர் அடித்து இருபது முறை திருப்புங்கள். அதற்கும் அடங்காவிட்டால் மாற்றிவிடுங்கள்.

கடைசியாக, ஆன்–ஆஃப் சோதனை. 5 வோல்ட்டில் வைத்து மெயின்ஸ் சுவிட்சை அணைக்கும்போது, கட்டுப்பாட்டுச் சுற்றின் தனி சப்ளை முதலில் விழுந்து, பெரிய கெப்பாசிட்டரில் 40 வோல்ட் மிச்சம் இருந்தால், பாஸ் டிரான்சிஸ்டர் ஒரு கணம் முழுதாகத் திறக்கலாம். மல்டிமீட்டர் இதைப் பிடிக்காது. ஆசிலாஸ்கோப் இல்லாதவர்களுக்கு ஒரு வழி: 6.2 வோல்ட் ஜெனர், ஒரு சிவப்பு எல்இடி, 1 கிலோ ஓம் மூன்றையும் தொடராக அவுட்புட்டில் மாட்டுங்கள். ஜெனரின் கோடு போட்ட கால் பிளஸ் பக்கம், எல்இடியின் நீண்ட காலும் பிளஸை நோக்கி. 8 வோல்ட்டைத் தாண்டினால்தான் எரியும். விளக்கை அணைத்துவிட்டுப் பெட்டியைப் பத்துமுறை ஆன்–ஆஃப் செய்யுங்கள். ஒருமுறை கண் சிமிட்டினாலும் அந்தப் பெட்டியில் போர்டு மாட்டியபடி மெயின்ஸ் சுவிட்சைத் தொடாதீர்கள். மிகக் குறுகிய துடிப்பு கண்ணில் படாமலும் போகலாம் என்பதால், ஸ்கோப் கிடைத்தால் அதுவே மேல்.

30 வோல்ட்டில் மட்டும் லோடு போடுவது

உச்ச வோல்டேஜில் ஓடினால் எல்லாம் சரி என்பது லீனியர் பெட்டிக்குத் தலைகீழான கணக்கு. உள்ளே 40 வோல்ட் இருக்க, 5 வோல்ட்டில் 2 ஆம்பியர் எடுத்தால் மீதி 35 வோல்ட்டும் பாஸ் டிரான்சிஸ்டரில் விழும்: 70 வாட் சூடு. 30 வோல்ட்டில் அதே கரன்ட்டுக்கு 20 வாட்தான். டிரான்ஸ்ஃபார்மர் சுருளின் டேப்பை மாற்றி உள் வோல்டேஜைக் குறைக்கும் ரிலே இருந்தால் குமிழைத் திருப்பும்போது 'டிக்' கேட்கும். அதில் இந்தச் சுமை குறையும்.

வெள்ளைச் செராமிக் ரெசிஸ்டர், 10 ஓம் 10 வாட், நான்கு வாங்கிப் பக்க இணைப்பாக (பேரலலாக) இணையுங்கள். 2.5 ஓம் கிடைக்கும், 5 வோல்ட்டில் சரியாக 2 ஆம்பியர். அரை மணி நேரம் ஓடவிட்டு வோல்டேஜ் நகர்கிறதா என்று பாருங்கள். அப்படியே லோடோடு ரிப்பிளையும் (டிசியில் மிச்சமிருக்கும் ஏசி அலை) பார்த்துவிடலாம், ஆனால் 200 வோல்ட்டுக்குக் கீழே ஏசி ரேஞ்சே இல்லாத மலிவு மீட்டரில் அல்ல. மில்லிவோல்ட் ஏசி உள்ள மீட்டரில் 5 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. பல பத்து மில்லிவோல்ட் என்றால் ஃபில்டர் கெப்பாசிட்டர் காய்ந்திருக்கும். ஸ்கோப்பில் 100 ஹெர்ட்ஸுக்குப் பதில் 50 ஹெர்ட்ஸ் அலை தெரிந்தால் பிரிட்ஜில் ஒரு டயோடு ஓபன்.

ஹீட் சிங்கை இந்த நேரத்தில் வெறும் கையால் தடவிப் பார்க்காதீர்கள். சூடு மட்டும் காரணமல்ல: டிஓ-3 உறை டிரான்சிஸ்டரின் உடம்பே கலெக்டர். அதற்கும் ஹீட் சிங்குக்கும் இடையே மைக்காத் தகடும், ஸ்க்ரூக்களுக்கு இன்சுலேட்டர் புஷ்ஷும் இருக்க வேண்டும். யாராவது டிரான்சிஸ்டரை மாற்றியபோது அதைப் போடாமல் விட்டிருந்தால் ஹீட் சிங்கிலும், அதோடு பெட்டியிலும் 40 வோல்ட் நிற்கும். பெட்டியில் சாயும் முதல் வெறும் வயர் அதை ஷார்ட் செய்யும். மின்சாரத்தை அணைத்து, கெப்பாசிட்டரில் மிச்சமுள்ள சார்ஜை இறக்கிவிட்டு, டிரான்சிஸ்டரின் உறைக்கும் ஹீட் சிங்குக்கும் கன்டினியூட்டி வைத்துப் பாருங்கள். பீப் அடித்தால் அந்த டிரான்சிஸ்டரைக் கழற்றி, மைக்காவின் இரு பக்கமும் சூட்டைக் கடத்தும் வெள்ளைப் பசை தடவி மறுபடி மாட்ட வேண்டும். சில மாடல்களில் மைக்கா இல்லாமல் ஹீட் சிங்கையே பெட்டியிலிருந்து பிரித்து மாட்டியிருப்பார்கள். அதில் பீப் கேட்பது சரியே. ஹீட் சிங்குக்கும் பெட்டிக்கும் இடையே மட்டும் கேட்கக் கூடாது.