காலையில் மட்டும் நழுவிய ஹேண்ட்பிரேக்

என்னிடம் இருப்பது 1996ஆம் ஆண்டு ஸ்போர்ட்ஸ் கார். ஹேண்ட்பிரேக்கை இழுத்து விரலை எடுத்தால் நுனிப் பொத்தான் உள்ளேயே நின்றுவிடும். லீவர் கீழே இறங்கிவிடும். பத்து வயது தாண்டிய காருக்குச் சிங்கப்பூரில் ஆண்டுதோறும் சோதனை உண்டு. அதற்கு இரண்டே வாரம்தான் இருந்தது.

கேபிளை இறுக்கினேன். காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறையில் பின்சக்கர பிரேக் பேடுகளையும் மாற்றினேன். காசு போனதுதான் மிச்சம்.

அப்புறம்தான் கவனித்தேன்: மதிய வெயிலில் நின்ற காரில் பொத்தான் ஒழுங்காக வெளியே வருகிறது, மழைக்காலைகளில்தான் சிக்குகிறது. கேபிள் கோளாறு என்றால் வெயிலுக்கும் மழைக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டுமே!

சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, கேபிள் நட்டுக்கு வெளியே தெரிந்த மரைகளை எண்ணி வைத்துக்கொண்டு, எச்சரிக்கை விளக்கின் ஒயரைக் கழற்றி லீவரை எடுத்தேன். லீவரின் குழாய்க்குள் பழைய கிரீசும் எப்போதோ சிந்திய தே தாரேக் என்ற இனிப்புப் பால்தேநீரும் சேர்ந்து பழுப்புப் பிசினாக ஒட்டியிருந்தன. சர்க்கரைப் பாகேதான், வெயிலில் இளகி, குளிரில் இறுகியிருக்கிறது. பொத்தானை ஸ்பிரிங்கால் வெளியே தள்ள முடியவில்லை.

வெந்நீர், பிறகு மண்ணெண்ணெய், பழைய பல்துலக்கி. பற்சக்கரமும் அதைக் கவ்வும் கொக்கியும் கூர்மையாகவே இருந்தன. மழுங்கியிருந்தால் அராவக் கூடாது, லீவரையே மாற்ற வேண்டும். வெள்ளை லித்தியம் கிரீசை மெல்லியதாகத் தடவி, எண்ணிய மரை அளவுக்கே நட்டைத் திருகினேன்.

நேற்றுக் காலை நல்ல மழை. பொத்தான் ‘டக்’கென்று வெளியே வந்தது.