மலைவீட்டில் மீன் தொட்டிக்கான ஆர்.ஓ. கழிவுநீரைக் கையாளும் முறை

டிஸ்கஸ், கார்டினல் டெட்ரா போன்ற மென்னீர் (உப்பு குறைந்த நீர்) மீன்களுக்காகக் குன்னூரில் என் வீட்டில் ஆர்.ஓ. கருவியை (நீரை மெம்பரேன் என்ற நுண்சவ்வின் வழியே அழுத்தி, உப்பைக் கழிவுநீரோடு பிரித்து வெளியேற்றும் கருவி) பொருத்தியபோது, கழிவுநீர்க் குழாயின் முனையைப் பின்புறத் தோட்டத்தில் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் எண்ணியிருந்தேன். சமவெளியில் இருப்பவர்களுக்குக் கழிவுநீரின் உப்புதான் கவலை. நீலகிரியில் உப்பு பெரும்பாலும் சிக்கலாக இருப்பதில்லை; நீரின் அளவும் அதை எங்கே விடுகிறோம் என்பதுமே இங்கே சிக்கல்.

எதையும் வாங்குமுன் டி.டி.எஸ். மீட்டரால் குழாய்நீரை அளந்துகொள்ள வேண்டும் (டி.டி.எஸ். என்பது ஒரு லிட்டர் நீரில் கரைந்துள்ள உப்புகளின் மில்லிகிராம் அளவு). உதகைக்குப் பார்சன்ஸ் வேலியிலிருந்தும் குன்னூருக்கு ரேலியா அணையிலிருந்தும் வருவது மழையில் ஊறிவரும் ஓடைநீர். இம்மலையின் சார்னோக்கைட் பாறை சுண்ணாம்புப் பாறையைப் போல நீரில் கரைவதில்லை என்பதால் அந்நீர் பொதுவாக மென்மையாகவே இருக்கும். அளவு 100-க்கும் கீழே இருந்தால், டிஸ்கஸைக் குஞ்சு பொரிக்க வைக்கும் எண்ணம் இல்லாதவர்களுக்கு ஆர்.ஓ. தேவையே இல்லை, குளோரினை நீக்கக் கார்பன் ஃபில்டர் ஒன்றே போதும். (குடிநீர் விஷயத்திலும், லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக டி.டி.எஸ். உள்ள இடங்களில் ஆர்.ஓ. கருவிகளைத் தடை செய்யுமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் உத்தரவிட்டது.) ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பியிருப்பவர்களும் மீன்களை இனப்பெருக்கம் செய்ய விரும்புபவர்களும் மேற்கொண்டு படிக்கலாம்.

குளிர்தான் கழிவைப் பெருக்குகிறது. மெம்பரேனின் மீது எழுதியிருக்கும் 75 ஜி.பி.டி. (நாளொன்றுக்கு 75 கேலன்) என்ற அளவு, நீர் 25 டிகிரி வெப்பத்தில் இருக்கும்போது ஒரு நாளில் கிடைக்கக்கூடிய ஏறத்தாழ 284 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 200 மில்லிலிட்டருக்குச் சற்றுக் குறைவான நல்ல நீரைக் குறிக்கிறது. வெப்பம் ஒரு டிகிரி குறையும்போது இந்த விளைச்சல் ஏறத்தாழ 3 சதவீதம் குறைகிறது. ஆகவே மார்கழிக் காலையில் 12 டிகிரியில் நீர் வரும்போது, விளைச்சலில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேல் போய்விடும். கழிவுக் குழாயில் நீரோட்டத்தை மட்டுப்படுத்த இருக்கும் ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டரோ குளிரைப் பொருட்படுத்தாமல், அது 450 அளவுடையதாக இருந்தால், நிமிடத்துக்கு ஏறத்தாழ அதே 450 மில்லிலிட்டரை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். கோயம்புத்தூரில் 1 லிட்டருக்கு 2.3 லிட்டர் கழிக்கும் அதே கருவி, இங்கே ஏறத்தாழ 3.6 லிட்டர் கழிக்கும். 200 லிட்டர் தொட்டியில் வாரந்தோறும் 50 லிட்டர் மாற்றுபவருக்கு, அது 180 லிட்டர். கிட்டத்தட்ட ஒரு நீல டிரம்.

எனவே சேமிப்பதைப் பற்றி யோசிக்குமுன் குறைப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும். கருவியைக் காலையில் ஓட்டாமல், மொட்டைமாடியிலுள்ள கறுப்புத் தண்ணீர்த் தொட்டி வெயிலில் காய்ந்தபின், பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் ஓட்டுவது செலவில்லாத வழி. குழாயைச் சுருளாகச் சுற்றி ஹீட்டர் போட்ட வாளியில் அமிழ்த்தும் முறையைச் சிலர் பரிந்துரைப்பார்கள். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் நல்ல நீரும் கழிவும் சேர்ந்த 230 லிட்டர் நீரை 10 டிகிரி சூடாக்க இரண்டரை யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவாகும், அதில் பெரும்பகுதி கழிவோடு வெளியேறிவிடும். அதைவிட, வரும் நீரின் டி.டி.எஸ். 100-க்குள் இருந்தால், 450 ரெஸ்ட்ரிக்டரை எடுத்துவிட்டு 300-ஐப் பொருத்தலாம். மென்மையான நீரில் மெம்பரேன் மீது சுண்ணாம்பு படியும் அபாயம் குறைவு. ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமாக இருந்தால் இதைச் செய்யக் கூடாது. மாற்றியபின் நல்ல நீரின் டி.டி.எஸ்.-ஐ மாதம் ஒருமுறை அளந்து, அது ஏறத் தொடங்கினால் பழைய ரெஸ்ட்ரிக்டருக்கே திரும்ப வேண்டும்.

கழிவு என்ற சொல்தான் இந்நீருக்குக் கெட்ட பெயரை வாங்கித் தந்திருக்கிறது. 70 டி.டி.எஸ். உள்ள 230 லிட்டரில் 50 லிட்டர் நல்ல நீராகப் பிரிந்துவிட்டால், மிஞ்சும் 180 லிட்டரின் டி.டி.எஸ். 90-ஐ ஒட்டித்தான் இருக்கும். கார்பன் ஃபில்டரைக் கடந்து வந்திருப்பதால் அதில் குளோரினும் இருக்காது. துணி துவைக்கவும், வீடு துடைக்கவும், கழிவறைக்கும், செடிகளுக்கும் தயங்காமல் பயன்படுத்தலாம். கப்பி, மோலி போன்ற கடினநீர் மீன்களுக்குச் சற்றுத் தாது உப்பு சேர்த்துக் கொடுத்தால் குழாய்நீரைவிட இதுவே மேல். ஆனால் ஆழ்துளைக் கிணற்று நீரில் 600 இருந்தால் கழிவில் 770 ஆகிவிடும். அதைத் தொட்டிச் செடிகளுக்குத் தொடர்ந்து ஊற்றினால் மண்ணில் உப்பு தேங்கும். காரத்தன்மையுள்ள நீர் அசேலியா, கமேலியா போன்ற அமில மண் விரும்பிகளுக்கு ஒவ்வாது; நீல ஹைட்ரேஞ்சியாப் பூக்கள் இளஞ்சிவப்பை நோக்கி நகரத் தொடங்கினால், நீங்கள் ஊற்றும் நீரையும் சந்தேகிக்கலாம்.

சேகரிக்க, மூடியுள்ள 200 லிட்டர் டிரம் ஒன்று போதும். கழிவுக் குழாயின் முனை டிரம் நீரில் மூழ்காதபடி, மேல்விளிம்புக்கு அருகே இடைவெளியோடு நிற்க வேண்டும். மூழ்கினால், கருவி நிற்கும் சமயத்தில் டிரம் நீர் பின்னோக்கி இழுக்கப்படலாம். நிரம்பிய டிரம் 200 கிலோவைத் தாண்டும் என்பதால், பழைய வீடுகளின் மரத்தளத்தில் அதை வைக்க வேண்டாம்.

டிரம்மின் வழிவுக் குழாயை எங்கே கொண்டுபோய் விடுவது என்பதில்தான் நான் தவறு செய்தேன். பம்ப் நின்றபின் நீரை அடைக்க வேண்டிய சோலினாய்டு வால்வு (மின்சாரத்தால் இயங்கும் அடைப்பான்), பழுதாகித் திறந்த நிலையிலேயே நின்றுபோனால், மேல்தொட்டியின் அழுத்தத்தில் நீர் மெம்பரேன் வழியாகக் கழிவுக் குழாயில் ஓடிக்கொண்டே இருக்கும். அப்படி ஓர் இரவு முழுவதும் ஓடிய நீர், டிரம்மை நிறைத்து வழிந்து, காலையில் பார்த்தபோது தடுப்புச் சுவரின் அடிமண்ணைக் குழம்பாக்கியிருந்தது. சரிவில் கட்டிய வீட்டில் தடுப்புச் சுவருக்குப் பின்னால் நீர் ஊறுவது சாதாரண விஷயமல்ல. 2009 நவம்பர் நிலச்சரிவுகளில் இம்மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆகவே வழிவுக் குழாயை நேராக மழைநீர் வடிகாலில் சேர்க்க வேண்டும். தோட்டத்து விளிம்பிலோ, படிக்கட்டு நிலத்திலோ, செப்டிக் டேங்கிலோ விடக் கூடாது. செப்டிக் டேங்கில் இடைவிடாமல் நீர் சேர்ந்தால் கசடு படிய நேரம் கிடைக்காது. அதன் உறிஞ்சு குழியும் சரிவையே நனைக்கும்.

வால்வைச் சோதிப்பது எளிது. கருவியை நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்துக் கழிவுக் குழாயின் முனையைப் பார்க்க வேண்டும். சொட்டு விழுந்துகொண்டே இருந்தால் வால்வை மாற்றிவிட வேண்டும். வீட்டில் இல்லாத நாட்களில் கருவிக்கு வரும் குழாயை அடைத்துவிட்டுச் செல்வதே நல்லது. உறைபனி விழும் உதகைப் பகுதியில், வெளிச்சுவரில் ஓடும் மெல்லிய கழிவுக் குழாய் இரவில் உறைந்து அடைத்துக்கொள்ளலாம். டிசம்பர், ஜனவரியில் அதை வீட்டுக்குள் கொண்டுவந்து ஒரு வாளியில் விட்டு, பகலில் மட்டும் கருவியை ஓட்டுங்கள்.