மூன்று துண்டு அலாய் வீல்: பிரிப்பது, அகலப்படுத்துவது, மறுபடி பூட்டுவது

பிபிஎஸ் என்ற வீல் தயாரிப்பு நிறுவனத்தின் பெயரில் முதல் இரண்டு எழுத்துகள் பவும்கார்ட்னர், பிராண்ட் என்ற இரண்டு நிறுவனர்களுடையவை; மூன்றாவது, ஜெர்மனியில் அவர்கள் 1970-ல் கடை விரித்த ஷில்டாக் ஊர். 1983-ல் அங்கிருந்து வந்த ஆர்எஸ் வீலைத்தான் பழைய பிஎம்டபிள்யூ, ஃபோக்ஸ்வாகன் வைத்திருப்பவர்கள் இன்றும் தேடி அலைகிறார்கள். நடுவில் வலைப்பின்னல் போன்ற வார்ப்பு சென்டர், வெளிப்பக்க வளையமான லிப், உள்பக்க வளையமான பேரல், மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் ஒரு வட்டம் போல்ட். லிப் நசுங்கினால் லிப்பை மட்டும் மாற்றலாம். அகலம் போதவில்லை என்றால் கூட்டலாம். 16 அங்குல விட்டத்தை 17 ஆக்கலாம். கீழே உள்ளவை ஆர்எஸ்ஸை மனத்தில் வைத்து எழுதியவை. மற்ற மூன்று துண்டு வீல்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். ஆனால் சென்டர் முன்னால் உட்காருகிறதா, இரண்டு பாதிகளுக்கும் நடுவிலா, பின்னாலா என்பது வீலுக்கு வீல் மாறும். பிரிப்பதற்கு முன்பே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கணக்கு. லிப்பின் அகலமும் பேரலின் அகலமும் சேர்ந்ததுதான் வீலின் அகலம். 2 அங்குல லிப்பும் 6 அங்குல பேரலும் இருந்தால் அது 8 அங்குல வீல். இந்த அளவு டயரின் பீட் (வீலைப் பற்றும் கம்பி விளிம்பு) உட்காரும் இடங்களுக்கு நடுவே எடுப்பது. விளிம்பிலிருந்து விளிம்பு டேப் பிடித்தால் சுமார் ஓர் அங்குலம் கூடுதலாகக் காட்டும். புதிதாக அளப்பவர்கள் வழுக்குவது முதலில் இங்கேதான்.

அடுத்தது ஆஃப்செட்: வீலின் மையக்கோட்டிலிருந்து, காரில் பொருந்தும் முகம் எத்தனை மி.மீ. வெளியே இருக்கிறது என்ற அளவு. லிப்பை அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. கூட்டினால் வீலின் மையக்கோடு அதில் பாதி தூரம் வெளியே நகரும்; ஆஃப்செட் 6.35 மி.மீ. குறையும். பேரலை அரை அங்குலம் கூட்டினால் அதே 6.35 மி.மீ. ஏறும். 16×8 (விட்டம் 16, அகலம் 8 அங்குலம்), ஆஃப்செட் 20 என்று ஒரு வீல் இருக்கிறது. 2 அங்குல லிப்பைக் கழற்றி 3 அங்குலம் போட்டால் 16×9, ஆஃப்செட் 7.3 ஆகும். உள்விளிம்பு இருந்த இடத்திலேயே இருக்கும், அதனால் சஸ்பென்ஷன் பக்கம் கவலை இல்லை. வெளிவிளிம்பு மட்டும் முழுதாக 25.4 மி.மீ. வெளியே வரும், ஃபெண்டர் அதைத் தாங்குமா என்று பாருங்கள். பேரலைக் கூட்டினால் கதை தலைகீழ்: வெளியே எதுவும் தெரியாது, உள்ளே ஸ்ட்ரட்டில் (சஸ்பென்ஷன் தூணில்) உரசும். லிப் வாங்க ஆர்டர் கொடுப்பதற்கு முன் பழைய வீலைக் காரில் மாட்டி, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, உள்ளேயும் வெளியேயும் இருக்கும் இடைவெளியை மி.மீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

விட்டத்தைக் கூட்ட ஸ்டெப் லிப் வேண்டும். சென்டர் 16 அங்குலத்துடையதே. லிப் போல்ட் வட்டத்திலிருந்து ஒரு படி ஏறி 17 அங்குலத்துக்குப் போகும். லிப்பை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. போதாது. டயரின் இரண்டு பீடும் ஒரே விட்டத்தில் உட்கார வேண்டும், ஆகவே பேரலும் 17-ஆக வேண்டும். டயரின் வெளிவிட்டம் மாறாமல் பார்ப்பதும் முக்கியம்: 205/55 ஆர்16 சுமார் 632 மி.மீ., 205/50 ஆர்17 சுமார் 637 மி.மீ. ஸ்பீடோமீட்டரில் ஒரு சதவீதத்துக்கும் குறைந்த வித்தியாசம்.

லிப் விற்பவர் போல்ட்டின் எண்ணிக்கையும் வட்டத்தின் விட்டமும் கேட்பார். எண்ணிக்கை இரட்டைப்படை என்றால் நேரெதிர் ஓட்டைகளின் வெளிவிளிம்புகளை அளந்து, ஓர் ஓட்டையின் விட்டத்தைக் கழியுங்கள். ஒற்றைப்படை என்றால் அடுத்தடுத்த இரண்டு ஓட்டைகளின் மையத் தூரத்தை, 180-ஐ எண்ணிக்கையால் வகுத்து வரும் கோணத்தின் சைனால் வகுங்கள். இந்த வழியில் அரை மி.மீ. பிசகு பல மி.மீ. ஆகப் பெருகும், ஐந்தாறு இடத்தில் அளந்து சராசரி எடுப்பது நல்லது. சென்டர் உட்காரும் உள்துளையின் விட்டமும் வேண்டும். வீலை மையத்தில் நிறுத்துவது அந்தத் துளைதான், போல்ட் இல்லை.

இனிப் பிரிக்கலாம். டயரையும் வால்வையும் எடுத்துவிட்டு, மூன்று துண்டுகளிலும் ஒரே நேர்கோட்டில் மார்க்கர் கோடு இழுங்கள். ஆர்எஸ் போல்ட் பன்னிரண்டு முனைத் தலை கொண்ட எம்7, அதாவது 7 மி.மீ. மரை. அதற்குச் சரியான சாக்கெட் மட்டுமே போடுங்கள். அலுமினியத்துக்குள் எஃகு போல்ட் பல வருடம் ஈரத்தில் கிடந்து பிடித்துப்போயிருக்கும். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு வைத்து, ஹீட் கன்னால் சூடாக்கி, கையால் திருகுங்கள். இம்பாக்ட் கன் வேண்டாம். எம்7 போல்ட்டின் கழுத்து அதில் முறியும், முறிந்ததைத் துளைத்து எடுப்பது அரை நாள் வேலை.

போல்ட் எல்லாம் வந்த பிறகும் துண்டுகள் பிரியாது, காற்று கசியாமல் பூசிய பழைய சிலிகோன் பிடித்திருக்கும். கத்தியால் அறுத்து, சூடு காட்டி, மரக்கட்டை வைத்து ரப்பர் சுத்தியால் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். இடுக்கில் ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பினால் துண்டுகள் பொருந்தும் முகத்தில் விழும் ஒரு கீறல் பிறகு காற்று கசியும் வழியாகும்.

கழுவியதும் சோதனை. போல்ட் ஓட்டைகளைச் சுற்றியும் ஸ்போக்கின் அடியிலும் டை பெனட்ரன்ட் (விரிசலுக்குள் இறங்கி அதைக் காட்டும் சாயம்) அடித்து விரிசல் பாருங்கள். விரிசல் விட்ட சென்டரை வெல்டிங் செய்து ஓட்டாதீர்கள். பழைய பந்தய வீல்களில் மக்னீசியம் உண்டு. அதன் தூள் தீப்பிடிக்கும், கீழே வரும் தேய்ப்பு வேலை அதற்கில்லை.

லிப்பின் மேல் பெரும்பாலும் அனோடைஸ் படலமோ (மின்வேதி முறையில் வளர்த்த ஆக்சைடு) கிளியர் கோட்டோ (நிறமற்ற பூச்சு) இருக்கும். கிளியர் கோட்டுக்குப் பெயின்ட் ரிமூவர் போதும். அனோடைஸ் கண்ணாடி போலக் கடினம், எமரி தாளுக்கு மசியாது. பிளாஸ்டிக் தொட்டியில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் காஸ்டிக் சோடா கரைத்து (சோடாவைத் தண்ணீரில் போடுங்கள், மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும்), லிப்பைச் சில நிமிடம் முக்குங்கள். நுரை வேகமாக எழுந்தால் படலம் போய் உலோகத்தைத் தின்ன ஆரம்பித்துவிட்டது என்று பொருள். உடனே எடுத்துக் கழுவுங்கள். வெளிவரும் வாயு ஹைட்ரஜன். திறந்த வெளியில், கண்ணாடியும் கையுறையும் போட்டு, பக்கத்தில் நெருப்பில்லாமல் செய்யுங்கள். பிறகு எமரி தாள் 320, 400, 600, 800, 1000, 1500 என்று தண்ணீர் விட்டுத் தேய்த்து, பஃபிங். முந்தைய தாளின் கோடு முழுதாக மறையாமல் அடுத்ததற்குத் தாவினால் அந்தக் கோடு பளபளப்பில் பல்லிளிக்கும். பொருந்தும் முகங்களைத் தேய்க்கவே கூடாது. அங்கே சிலிகோனைச் சுரண்ட பிளாஸ்டிக் தகடு போதும்.

சென்டருக்கு பெயின்ட்டோ பவுடர் கோட்டிங்கோ அவரவர் விருப்பம். எதுவானாலும் பொருந்தும் முகத்தையும் போல்ட் தலை உட்காரும் இடத்தையும் மூடிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். பவுடர் கோட்டிங் 60 முதல் 100 மைக்ரான் கனம் வரும். முறுக்கிய போல்ட்டின் கீழே அது நாளடைவில் நசுங்க, போல்ட்டின் இழுவிசை குறைந்து தளரும். மூன்று துண்டு வீலைச் சேர்த்து வைத்திருப்பது அந்த இழுவிசைதான். ‘புதிதாகப் பூசிய வீல், ஆயிரம் கிலோமீட்டரில் போல்ட் தளர்ந்துவிட்டது’ என்ற புகாருக்குப் பின்னால் அடிக்கடி இந்தப் பூச்சுதான் இருக்கும். லிப்பையும் பேரலையும் பவுடர் அடுப்பில் வைக்காமல் இருப்பது நல்லது, 180, 200 டிகிரி சூடு பதப்படுத்திய அலுமினியத்துக்கு உகந்ததில்லை.

பூட்டும்போது புது போல்ட், புது நட். ஸ்டெப் லிப்பின் கனம் மாறியிருந்தால் நீளமும் மாறும்: நட்டைத் தாண்டி இரண்டு மரையாவது தெரிய வேண்டும். நடுத்தர பலமுள்ள திரெட்லாக்கர் (மரை தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு விட்டு எல்லாவற்றையும் கையால் ஏற்றுங்கள். பிறகு எதிரெதிராக 10 நியூட்டன் மீட்டர், அதன் பிறகு முழு முறுக்கு. எம்7-க்கு 20 முதல் 25 வரை வழக்கம், போல்ட் விற்பவர் தரும் எண் இருந்தால் அதுவே முடிவு. திரெட்லாக்கர் ஈரமாக இருக்கும்போது மரையில் உராய்வு குறையும், ஆகவே எண்ணைத் தாண்டி ‘இன்னும் கொஞ்சம்’ என்று இழுக்காதீர்கள்.

சிலிகோனுக்கு முன் டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தைக் காட்டும் அளவுமானி) வைத்துச் சுற்றிப் பாருங்கள். பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் அரை மி.மீ.க்குள் இருந்தால் அருமை. 1 மி.மீ. தாண்டினால் தளர்த்தி, பொருந்தும் முகத்தில் தூசியோ பெயின்ட் பிசிறோ இருக்கிறதா என்று பார்த்து மறுபடி பூட்டுங்கள். ஒட்டிய பிறகு தெரிந்தால் எல்லாமே முதலிலிருந்து.

சிலிகோன் பூசுவது டயர் பக்கத்தில், லிப்பும் பேரலும் சேரும் பள்ளத்தில். அசிடோன் துடைப்பு, பிறகு இடைவெளியில்லாத ஒரே வரி, ஈர விரலால் அழுத்தம். வினிகர் வாசனை அடிக்கும் சிலிகோன் வேண்டாம், அந்த அமிலம் அலுமினியத்தை அரிக்கும். நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்குங்கள். ஒரு நாளில் இரண்டு மூன்று மி.மீ. ஆழம்தான் இறுகும், தடித்த வரிக்கு 48 மணி நேரம் விடுங்கள். புது லிப்பில் வால்வு ஓட்டை இல்லையென்றால் பூட்டுவதற்கு முன்பே 11.5 மி.மீ. துளையிட்டு விளிம்பின் பிசிறை எடுத்திருக்க வேண்டும். இல்லையேல் ரப்பர் வால்வு அறுந்துவிடும்.

டயர் போடுபவரிடம், டயரை ஏற்ற உதவும் வீலின் சுற்றுப்பள்ளம் எந்தப் பக்கத்துக்கு அருகில் இருக்கிறது என்று காட்டுங்கள். அந்தப் பக்கத்திலிருந்துதான் டயர் ஏறும். மறுபக்கம் நெம்பினால் பாலிஷ் செய்த லிப்தான் பலி. காற்றடித்து, சோப்புத் தண்ணீர் தடவி, போல்ட் வட்டம், வால்வு இரண்டிலும் குமிழி பாருங்கள். பேலன்ஸ் எடைகள் உள்பக்கம் ஒட்டும் வகை. ஜெர்மனியில் ஓடும் கார் என்றால் இப்படி அளவு மாற்றிய வீலுக்குத் தனியாக டியூவ் போன்ற வாகன ஆய்வு அமைப்பின் ஆய்வாளரின் ஒப்புதல் வேண்டும். லிப்பின் கனம், போல்ட்டின் தரம் பற்றிய தாள்களை வாங்கும்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.