பழைய பிளாஸ்டிக் பொம்மையை உருக்குமுன் ஒரு நிமிடம்

சித்திரைத் திருவிழாவுக்கும் தெப்பத்துக்கும் போகும்போதெல்லாம் பிள்ளைக்கு ஒரு கார், ஒரு சொப்பு செட் என்று வாங்கிக் கொடுத்து, நாலைந்து வருடத்தில் பரண்மேல் ஒரு சாக்கு நிறைந்துவிடுகிறது. இதையெல்லாம் உருக்கிக் குழந்தைகளுக்கே வேறு ஏதாவது செய்யலாமே என்று தோன்றுவது நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தச் சாக்குக்குள் இருப்பது ஒரே பிளாஸ்டிக் இல்லை, தவறெல்லாம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சொப்புச் சாமான், குட்டி வாளி, மணல் அள்ளும் கரண்டி பெரும்பாலும் பிபி (பாலிபுரோப்பிலீன்) அல்லது எச்டிபிஇ (அடர்த்தி கூடிய பாலிஎத்திலீன்) என்ற பிளாஸ்டிக். கோத்து விளையாடுகிற பளபளப்பான கட்டைகள் பலவும் ஏபிஎஸ் என்ற கெட்டிப் பிளாஸ்டிக். அமுக்கினால் கீச்சென்று கத்துகிற வாத்து, மெத்தென்ற தலை உள்ள பொம்மை எல்லாம் பிவிசி என்ற குளோரின் கலந்த பிளாஸ்டிக்காக இருக்க வாய்ப்பு அதிகம். இவை ஒன்றோடொன்று சேர்ந்து உருகாது, உருகினாலும் ஒட்டாமல் ஏடு ஏடாகப் பிரிந்து உடையும். பொம்மைகளில் பிளாஸ்டிக் வகையைச் சொல்லும் முக்கோணக் குறியும் எண்ணும் அபூர்வம் என்பதால், ஒரு சின்னத் துண்டை நறுக்கி, இரண்டு சொட்டு சோப்பு விட்ட தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். பிபியும் எச்டிபிஇயும் மிதக்கும், ஏபிஎஸ்ஸும் பிவிசியும் மூழ்கும். முழுப் பொம்மையைப் போட்டுப் பார்க்காதீர்கள், உள்ளே காற்று இருந்தால் எதுவும் மிதக்கும்.

மூழ்கியதை ஒதுக்கிவிடுங்கள், அதில் பிவிசி இருக்கலாம். பிவிசி சூடேறினால் ஹைட்ரோகுளோரிக் அமில வாயு வரும், எரித்தால் டையாக்சின் என்ற நச்சு வரும், அதை மெத்தென்று ஆக்கச் சேர்க்கிற தாலேட்டுகள் வேறு. நம்ம ஊர் மதுரையில் உள்ள தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் இராஜகோபாலன் வாசுதேவன் பிளாஸ்டிக் சாலைக்காக 2018இல் பத்மஸ்ரீ பெற்றவர். சூடான ஜல்லிமேல் பிளாஸ்டிக் துண்டுகளைத் தூவிப் பூசுகிற அந்த முறையில்கூட பிவிசிக்கு இடமில்லை. ரோட்டுக்கே ஆகாததைப் பிள்ளை கையில் எப்படிக் கொடுப்பது?

அடுத்த தவறை நானே செய்திருக்கிறேன். வீட்டுக் கொல்லையில் பழைய வாணலியில் உருக்கிப் பார்த்தேன், சூடு எவ்வளவு என்று தெரியாமல் அடி கருகி, புகை வீட்டுக்குள் போய், இரண்டு நாள் கண் எரிச்சல். அரைப்பதும் உருக்குவதும் சூட்டை அளந்து வைக்க முடிகிற, புகையை வெளியேற்ற வசதியுள்ள பட்டறையில்தான் நடக்க வேண்டும்.

பட்டறைக்குக் கொடுக்கும் முன் திருகு, சுருள்கம்பி, மோட்டார் எல்லாவற்றையும் கழற்றுங்கள், அரவை இயந்திரத்தின் கத்தி போய்விடும். பட்டன் பேட்டரியை மட்டும் கூடுதல் கவனமாக எடுத்து, இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடக்கூடியது அது. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளில் மின்சாரப் பொம்மைகளும் அடக்கம், அதனால் அவற்றைத் தனியாகக் கொடுக்க வேண்டும்.

பெயின்ட் அடித்த பழைய பொம்மையையும் கறுப்புப் பிளாஸ்டிக்கையும் சேர்க்காதீர்கள். பழைய மஞ்சள், சிவப்புச் சாயத்தில் ஈயம் இருக்கலாம். பழைய டிவி, கம்ப்யூட்டர் கூடுகளில் தீப்பிடிக்காமல் இருக்கச் சேர்த்த புரோமின் வேதிப்பொருள்கள், மறுசுழற்சி வழியாகக் கறுப்புப் பொம்மைகளுக்குள் வந்திருப்பதைப் பல நாட்டு ஆய்வுகளில் கண்டுபிடித்திருக்கிறார்கள். மொட்டைமாடியில் இரண்டு கோடை காய்ந்து, தொட்டால் வெள்ளைத் தூள் ஒட்டுகிற பொம்மையும் வேண்டாம், மதுரை வெயிலில் சத்து போன பிளாஸ்டிக் உருக்கினாலும் பலம் பெறாது.

சரி, இவ்வளவும் பிரித்த பிறகு மறுபடியும் பொம்மையாகவே செய்ய நினைப்பதுதான் எனக்குப் பெரிய கவலை. பிள்ளை எதையும் வாயில் வைக்கும், நம்மிடம் இருப்பதோ எங்கே, எதைக் கலந்து செய்ததென்று தெரியாத பிளாஸ்டிக். அதோடு 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்கு உட்பட்டவர்களின் பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், சோதனை இல்லாமல் செய்து விற்க முடியாது. பள்ளி பெஞ்சுக்குப் பலகை, பூந்தொட்டி, விளையாட்டுத் திடலின் ஓரத் தடுப்பு, செருப்பு அடுக்கும் தட்டு, இவையும் குழந்தைகளுக்கானவைதான், ஆனால் வாயில் போகாது.

அப்புறம், உடையாத பொம்மையை உருக்கவே வேண்டாம். சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவைத்து, அங்கன்வாடியில் கேட்டுவிட்டுக் கொடுங்கள். மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் இருந்தால், வாய்க்குள் அடங்குகிற அளவுள்ள சக்கரம், கண், பொத்தான் எதுவும் கழன்று வராதா என்று ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள்.