ஸீயின், பெக்டின், குர்குமின்: தாவரச் சேர்மங்களைக் கொண்டு மருந்தேந்தி நானோதுகள் தயாரிக்கும் முறை

மஞ்சளின் நிறமியான குர்குமின் நீரில் ஏறத்தாழக் கரைவதே இல்லை. 37 பாகை செல்சியஸில், பிஎச் 7.2 உள்ள பாஸ்பேட் தாங்கல் கரைசலில் விட்டால், அதன் 90 சதவீதம் வரை அரை மணி நேரத்திலேயே சிதைந்துவிடுகிறது. இத்தகைய மூலக்கூறைக் குடல் வரை பாதுகாப்பாகக் கொண்டுசேர்க்க, மக்காச்சோளப் புரதமான ஸீயினை உட்கருவாகவும், பழத்தோல்களிலிருந்து எடுக்கப்படும் பெக்டினை மேலுறையாகவும் கொண்ட நானோதுகள்களைத் தயாரிக்கலாம். பெக்டின் சிறுகுடலில் செரிப்பதில்லை. பெருங்குடல் நுண்ணுயிரிகளே அதைச் சிதைக்கின்றன என்பதால் இந்த உறைக்குத் தனி மதிப்பு உண்டு. இங்குக் கூறப்படுவது ஆய்வகத் தயாரிப்பு மட்டுமே. இதை எவரும் உட்கொள்ளக் கூடாது.

ஸீயின் தனி நீரிலும் கரையாது, தூய எத்தனாலிலும் சரிவரக் கரையாது. இரண்டும் கலந்த கரைசலில்தான் நன்கு கரையும். ஆகவே 10 மி.லி. 80 சதவீத எத்தனாலில் 100 மி.கி. ஸீயினையும் 5 மி.கி. குர்குமினையும் இட்டு, ஒளி படாதவாறு அலுமினியத் தாளால் மூடி, தெளிந்த மஞ்சள் கரைசலாகும் வரை காந்தக் கலக்கியில் கலக்குக. எத்தனால் எளிதில் தீப்பற்றும் என்பதால் அருகில் சுடர் இருக்கலாகாது.

இன்னொரு பீக்கரில் பிஎச் 4க்குச் சரிசெய்த 30 மி.லி. நீரை விரைவாகச் சுழலவிட்டு, அதனுள் இக்கரைசலை ஊசிக்குழலால் சீராகச் செலுத்துக. எத்தனால் நீரில் பரவியதும் ஸீயினுக்குக் கரைந்திருக்க வழியில்லாமல் போகிறது. குர்குமினைத் தன்னுள் பொதித்துக்கொண்டு நுண்ணிய உருண்டைகளாக அது பிரிகிறது. கலத்தல் எவ்வளவு விரைவாக நடக்கிறதோ அவ்வளவு சிறிய துகள்கள் கிடைக்கும். சுழற்சி மந்தமாக இருந்தால் கலக்கித் துண்டின் மேலும் பீக்கரின் சுவரிலும் பசைபோன்ற மஞ்சள் படலம் ஒட்டும். அதைக் கண்டால் அந்தத் தயாரிப்பைக் கைவிட்டு மறுபடி தொடங்குவதே நல்லது. பிறகு குறைந்த அழுத்தத்தில் கரைப்பானை ஆவியாக்கும் ரோட்டரி எவாப்பரேட்டரில், 40 பாகைக்கு மேற்படாமல், நுரை பொங்காதபடி அழுத்தத்தை மெல்லக் குறைத்து எத்தனாலை நீக்குக.

உறையிடும் படியில்தான் பெரும்பாலான தயாரிப்புகள் கெடுகின்றன. ஸீயினின் சமமின் புள்ளி, அதாவது அதன் நிகர மின்னூட்டம் சுழியாகும் பிஎச், ஏறத்தாழ 6.2 என்பதால், பிஎச் 4இல் துகள்கள் நேர்மின்னூட்டத்துடனும் பெக்டின் எதிர்மின்னூட்டத்துடனும் இருக்கும். அந்த ஈர்ப்பே உறையைப் பிடித்துவைக்கிறது. பெக்டினைச் சிறிது சிறிதாகத் துகள்களின் மேல் ஊற்றினால், மின்னூட்டம் சுழியாகும் நிலையைத் துகள்கள் கடக்க நேர்ந்து, ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். எனவே 50 மி.கி. பெக்டினைப் பிஎச் 4 உள்ள 30 மி.லி. நீரில் முழுமையாகக் கரைத்து, சுழன்றுகொண்டிருக்கும் அக்கரைசலுக்குள் துகள்களை ஊற்றுக. இந்த வரிசையை மாற்ற வேண்டாம். மேற்சொன்ன அளவுகளோ தொடக்கத்துக்கானவை. பெக்டினின் வகைக்கேற்ப அவற்றைத் திருத்திக்கொள்ளலாம்.

அடுத்து, ஒளிச்சிதறல் கருவியில் துகளளவையும், துகள் மேற்பரப்பின் மின்னூட்டத்தைக் காட்டும் ஜீட்டா மின்னழுத்தத்தையும் அளந்து பார்க்க வேண்டும். மின்னழுத்தம் நேர்மதிப்பிலிருந்து தெளிவான எதிர்மதிப்புக்கு மாறியிருந்தால் உறை படிந்துவிட்டதாகக் கொள்ளலாம். துகள்கள் அளவில் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதைக் காட்டும் பரவல் குறியீடு 0.3க்கு மேல் போனால் திரட்சி இருக்கிறதா என்று ஆராய வேண்டும்.

பொதிதிறனை, அதாவது இட்ட குர்குமினில் துகள்களுக்குள் பொதிந்த பங்கை, கணக்கிடுவதில் மிகுந்த நேர்மை தேவை. நுண்வடிகட்டி வழியே இறங்கிய நீரில் எஞ்சிய குர்குமினை அளப்பது வழக்கம். ஆனால் பொதியப்படாத குர்குமின் நீரில் கரையாமல் படிகமாக வடிகட்டியின் மேலேயே தங்கிவிடுவதால், பொதிதிறன் பொய்யாக உயர்ந்து தெரியும். அதனால் முதலில் மையவிலக்கியைக் குறைந்த வேகத்தில் சுழற்றிப் படிகங்களை அடியில் படியவிட்டு, மேலே நிற்கும் திரவத்தில் சிறிதளவை 80 சதவீத எத்தனாலில் கரைத்து, அப்போது பிரியும் பெக்டினையும் அகற்றிய பின், ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில் 425 நானோமீட்டரில் அளக்குக. தொடக்கத்தில் இட்ட குர்குமினில் அந்த மேல்திரவம் முழுவதிலும் எத்தனை சதவீதம் உள்ளதோ அதுவே பொதிதிறன்.

மருந்து வெளியேறும் வேகத்தைச் சோதிக்கும் ஊடகத்தில், குர்குமின் கரைந்து நிற்கும் அளவுக்கு ட்வீன் 80 என்ற பரப்பு இழுவிசை குறைக்கும் பொருளைச் சேர்க்க வேண்டும். கூடவே, பொதியப்படாத குர்குமினை அதே ஊடகத்தில் தனியே வைத்துச் சிதைவையும் அளந்துவர வேண்டும். இல்லையேல் சிதைந்துபோன மருந்தை வெளிவராத மருந்தாகக் கணக்கிட்டுவிடுவோம்.

சேமிப்பதற்கு, துகள்களின் எடையைப் போலச் சில மடங்கு டிரெஹலோஸ் என்ற சர்க்கரையைச் சேர்த்து, உறையவைத்து வெற்றிடத்தில் உலர்த்தி, ஒளி புகாத புட்டியில் குளிரில் வைக்குக. உலர்ந்த தூளில் சிறிதளவை நீரில் கலக்கித் துகளளவை மீண்டும் அளக்கும்போது, உலர்த்துவதற்கு முன்பிருந்த அளவுக்கு அருகில் அது வராவிட்டால், டிரெஹலோஸின் அளவைக் கூட்டி உலர்த்திப் பார்க்க வேண்டும்.